ஏலத்துக்கு வந்த கற்கள்

காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, குளிரில் பல் கிட்டிக்க வரிசையில் நின்று, கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தபடி கல்லை வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். கூடவே என் கல்லூரி நண்பனும் பார்த்தான். பார்த்துவிட்டு அவன் சர்வசாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னான். அந்த ஒரு வார்த்தை என்னை இங்கிலாந்திலிருந்து சூளகிரி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

நண்பன் கிருஷ்ணகிரி பக்கத்துக்காரன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று மூன்று மொழியில் வளர்ந்தவன். அந்த எல்லைப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. 'ஹொச ஊரு' என்றால் கன்னடத்தில் புது ஊர். அதுதான் நம் வாயில் ஓசூர் ஆனது. எழுபதுகளில் சிப்காட், எண்பதுகளில் லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்து இறங்கிய பிறகு, அந்தப் பெயர் இன்னும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அங்கே எல்லாமே புதுசு. பழசு என்று ஏதாவது இருக்கும் என்றே யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றியதில்லை.

சில வருடங்களுக்கு முன்பு கம்பெனி அவனைப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தது. நான் அப்போது லண்டனில் உறவினர் வீட்டில் இருந்தேன். "இவ்வளவு தூரம் வந்துட்டோம். நாலு இடம் பார்க்காம ஊருக்குப் போனா வீட்டுல கேப்பாங்கடா" என்றான். ஒரு சனிக்கிழமை காலை வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். ஒன்றரை மணி நேரத்தில் சாலிஸ்பரி.

முதலில் கதீட்ரல். 1220-ல் கட்ட ஆரம்பித்த தேவாலயம். கோபுரத்தின் உயரம் 123 மீட்டர். நம் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிரிட்டனில் இதைவிட உயரமான தேவாலயக் கோபுரம் கிடையாது. 1215-ல் ஜான் மன்னர் வேண்டாவெறுப்பாக முத்திரை வைத்துக் கொடுத்த மாக்னா கார்ட்டா சாசனத்தின் நான்கு பிரதிகள்தான் இன்றைக்கு மிச்சம். அதில் ஒன்று இங்கே இருக்கிறது. எல்லோரும் அதைப் பார்க்கத்தான் முண்டியடித்தார்கள். நண்பன் மட்டும் வேறு ஒரு மூலையில் நின்றுவிட்டான்.

அங்கே இரும்புச் சட்டத்துக்குள் பல்சக்கரங்களாக ஒரு யந்திரம். 1386-ல் செய்த கடிகாரம் என்கிறார்கள். உலகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பழைய கடிகாரங்களில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முகமே கிடையாது. முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. மணிக்கொரு தரம் மணி அடிக்கும், அவ்வளவுதான்.

"முள்ளே இல்லாத கடிகாரம்! எங்க ஊர்ல இதை க்யூ.சி-யிலேயே தள்ளிடுவாங்க" என்று சிரித்தான்.

ஆனால், அந்தச் சிரிப்பு அடுத்த நிமிடமே நின்றுவிட்டது. நடக்கிற தரையில் ஆங்காங்கே கல்லறைக் கற்கள். பெயர் பொறித்தது, தேய்ந்து பெயரே இல்லாமல் போனது... ஜனங்கள் பாட்டுக்கு அதன்மேல் ஷூ காலோடு நடந்து போகிறார்கள். நண்பன் ஒவ்வொரு கல்லையும் சுற்றிச் சுற்றிப் போனான். பரமபத விளையாட்டில் பாம்பைத் தவிர்க்கிற மாதிரி. "செத்தவங்க மேல கால் வைக்கக் கூடாதுடா. பாட்டி சொல்லுவாங்க" என்றான்.

மதியம் பஸ் பிடித்து ஸ்டோன்ஹெஞ்ச் போனோம். டிக்கெட் விலைக்கு நம் ஊரில் ஒரு குடும்பமே நல்ல ஓட்டலில் சாப்பிடலாம். வரவேற்பு மையம் ஓரிடம், கற்கள் இன்னோரிடம். நடுவே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அதற்கு ஒரு தனி பஸ். இறங்கினால் பச்சைப் புல்வெளி. ஓயாத காற்று. அந்த வெட்டவெளியில் வட்டமாக நிற்கின்றன, உலகமே போட்டோ எடுத்துக் களைத்த அந்தக் கற்கள்.

பக்கத்தில் போக முடியாது. எழுபதுகளின் கடைசியிலிருந்தே கயிறு கட்டிவிட்டார்கள். தள்ளி நின்று சுற்றி வரலாம். வருடத்துக்குச் சுமார் பத்து லட்சம் பேர் அப்படித்தான் சுற்றுகிறார்கள்.

இந்த இடத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமார் 5,000 வருடங்களுக்கு முன்பு முதலில் இங்கே வெட்டியது வட்டமான ஒரு அகழி. பெரிய கற்கள் அப்புறம் ஒரு ஐந்நூறு வருடம் கழித்து, கி.மு. 2500 வாக்கில் நின்றன. ஒவ்வொன்றும் சராசரி 25 டன். சின்ன கற்களை வேல்ஸ் மலைகளிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் இழுத்து வந்திருக்கிறார்கள். நடுவில் கிடக்கும் 'பலிபீடக் கல்' அதைவிட ஆச்சரியம். அது ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து, சுமார் 750 கிலோமீட்டர் தாண்டி வந்தது என்று 2024-ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு ஒரு ஆறு டன் கல்லைக் கொண்டு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். லாரி இல்லை, ரோடு இல்லை, இரும்புகூட இல்லை!

எதற்காக? கோடையின் மிக நீண்ட பகல் அன்று சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து அந்தக் கற்கள் நிற்பது உண்மை. கோயிலாக இருந்திருக்கலாம். ஆனால், பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஆரம்ப நூற்றாண்டுகளில் அது ஒரு மயானம். எரித்தவர்களின் எலும்புச் சாம்பலைக் கொண்டு வந்து புதைத்த இடம். டஜன் கணக்கானவர்களின் மிச்சங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் கையேட்டைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்தேன். நண்பன் கயிற்றருகே நின்று, ஒரு கல்லின் மேல் இன்னொரு கல் படுத்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்:

"இதைவிடச் சின்னது எங்க ஊர் மலையில நெறைய இருக்குடா. ஆடு மேய்க்கறப்போ மழை வந்தா அதுக்குள்ளதான் ஒதுங்குவோம்."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் பைக்கோடு நின்றிருந்தான். மலைமேல் சந்திரசூடேஸ்வரரைத் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு. கிருஷ்ணகிரி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, சூளகிரி தாண்டி, சாமல்பள்ளத்தில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்தோம். சத்தம் சட்டென்று நின்றது. ராகிக் கொல்லை, புளியமரம், மாந்தோப்பு. கொஞ்ச தூரத்தில் மல்லசந்திரம்.

ஊரையொட்டி, யானை படுத்த மாதிரி வழவழவென்று பாறை மேடு. 'மோரல் பாறை' என்பார்கள். ஏறினோம். ஏறியதும் நான் நின்றுவிட்டேன்.

கல்வீடுகள்! ஒன்றல்ல, பத்தல்ல. நாலு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரே கல்லால் மூடியிருக்கிறார்கள். பல வீடுகளுக்கு ஒரு பக்கத்துப் பலகையில் வட்டமாக ஓர் ஓட்டை. குழந்தை ஒன்று நுழைந்து போகலாம். வீட்டைச் சுற்றி, மேல்நுனி அரைவட்டமாகச் செதுக்கிய பலகைக் கற்கள், தாமரை இதழ் விரிந்த மாதிரி. சிலவற்றின் உட்சுவரில் வெள்ளை நிறத்தில் மங்கலான ஓவியங்கள். முழுசாக நிற்பவை கொஞ்சம். சாய்ந்தவை, மூடுகல் சரிந்தவை, வெறும் குவியலாகிப் போனவைதான் நிறைய.

கயிறு இல்லை. டிக்கெட் இல்லை. தனி பஸ் இல்லை. எங்களைத் தவிர நாலு ஆடுகள்.

இவற்றுக்குத் தமிழில் கற்திட்டை என்று பெயர். பூமிக்குள் புதைந்திருந்தால் கற்பதுக்கை. வெறும் கற்களை வட்டமாக அடுக்கியிருந்தால் கல்வட்டம். ஒற்றைக் கல்லாக நிறுத்தியிருந்தால் குத்துக்கல். எல்லாமே இறந்தவர்களுக்கானவை. எரிப்பது, வெறுமனே கிடத்துவது, குழி தோண்டிப் புதைப்பது, கல்லறையில் அடைப்பது, தாழியில் வைத்துக் கவிழ்ப்பது என்று அந்தக் காலத்தில் ஐந்து விதமான வழக்கம் இருந்ததாக மணிமேகலையே சொல்கிறது. தென்னிந்தியாவின் பெருங்கற்காலச் சின்னங்களில் பெரும்பாலானவை சுமார் 2,000 முதல் 3,000 வருடங்கள் பழமையானவை. தோண்டிப் பார்த்த இடங்களில் கறுப்பு - சிவப்புப் பானைகள், இரும்பு ஆயுதங்கள், பாசிமணிகள், எலும்புகள் கிடைத்திருக்கின்றன.

அந்த ஓட்டை எதற்கு? ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். குடும்பத்தில் அடுத்தடுத்து இறப்பவர்களின் எலும்புகளை உள்ளே வைக்க. படையல் போட. உயிர் போய்வர. எதுவாக இருந்தாலும், கட்டியவர்கள் அந்த வீட்டை முழுக்க அடைத்துவிட விரும்பவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

"இதுக்குள்ள நாலு பேர் உட்காருவோம். இப்ப என் தலைகூட நுழையாது" என்றான் நண்பன், குனிந்து பார்த்தபடி. "பாட்டி இதைக் குள்ளருங்க வீடுன்னு சொல்லுவாங்க. வானத்துல இருந்து நெருப்பு மழை பெய்யப்போகுதுன்னு தெரிஞ்சு, கல்லால வீடு கட்டிக்கிட்டு உள்ள போய் உட்கார்ந்துக்கிட்டாங்களாம். மழைக்கு ஒதுங்கறதுன்னா கேட்டுட்டு ஒதுங்குன்னு சொல்லுவாங்க."

"யார்கிட்ட கேக்கறது?"

"உள்ள இருக்கறவங்ககிட்டதான்."

குள்ளர் கதை இங்கே மட்டும் இல்லை. கர்நாடகத்தில் கொப்பள் அருகே ஹிரேபெணகல் மலையில் நூற்றுக்கணக்கில் இதே மாதிரி கல்வீடுகள் இருக்கின்றன. அங்கேயும் 'மோரியர்' என்னும் குள்ள மனிதர்கள் கட்டியது என்றுதான் நம்பிக்கை. நம் மோரல் பாறைக்கும் அந்தப் பெயருக்கும் உறவு இருந்தாலும் ஆச்சரியமில்லை. வேறு பல ஊர்களில் பாண்டவர்கள் வனவாசத்தில் கட்டியது என்பார்கள். கேரளத்தில் இந்த மாதிரிக் கல்லறைகளைத் திறந்து பார்த்த பாபிங்டன் என்ற வெள்ளைக்காரர், 1823-ல் அவற்றைப் பற்றி எழுதும்போது 'பாண்டு குழி' என்றே குறிப்பிட்டார்.

வெள்ளைக்காரர்களுக்கு இது ஒரு பெரிய குழப்பம். தங்கள் ஊரில் பார்த்த அதே மாதிரிக் கல்மேசைகள் இங்கேயும் எப்படி? ஐதராபாத் நிஜாம் சேவையில் இருந்த மெடோஸ் டெய்லர், தக்காணத்தில் நிறையக் கல்லறைகளைத் தோண்டி, அளந்து, அழகாகப் படம் வரைந்தவர். நல்ல உழைப்பாளி. ஆனால், 1850-களில் அவர் வந்து சேர்ந்த முடிவு என்ன தெரியுமா? இவை கெல்டியரோ, ட்ரூயிட் பூசாரிகளோ, சிதியரோ கட்டியவையாக இருக்கவேண்டும்! அதாவது, எங்கிருந்தோ வந்தவர்கள். உள்ளூர்க்காரனின் முப்பாட்டன் கட்டியிருப்பான் என்று எளிதில் தோன்றவில்லை. பெரிய தமாஷ் என்னவென்றால், ஸ்டோன்ஹெஞ்ச்சையே ட்ரூயிட்கள் கட்டவில்லை. கற்கள் நின்று சுமார் இரண்டாயிரம் வருடம் கழித்துத்தான் அவர்கள் சரித்திரத்தில் தலைகாட்டுகிறார்கள்.

இதையே தலைகீழாகத் திருப்பி, 'பார்த்தீர்களா, நம்ம ஆட்கள்தான் இங்கிலாந்து போய்க் கட்டினார்கள்' என்று கிளம்பிவிடவும் கூடாது. அங்கேயும் இங்கேயும் காலம் வேறு, அமைப்பு வேறு. கொரியாவில் ஆயிரக்கணக்கில் கற்திட்டைகள் இருக்கின்றன. 2000-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிரான்ஸில் இருக்கிறது, காகசஸ் மலையில் இருக்கிறது. யாரும் யாரையும் பார்த்துக் காப்பியடிக்க வேண்டிய அவசியமே இல்லை. பெற்றவர்களைப் பறிகொடுத்தவன் எந்த ஊரில் இருந்தாலும், கையில் கிடைக்கிற பெரிய கல்லைத்தான் தூக்குவான்.

எப்படித் தூக்கினார்கள் என்பதற்கு அந்தப் பாறையே பதில் சொல்கிறது. கிருஷ்ணகிரிப் பாறை வெங்காயம் மாதிரி ஏடு ஏடாக உரியும். பாறை மேல் விறகை அடுக்கித் தீ மூட்டினால், சூட்டில் மேல்தட்டு விரிந்து, அடிப்பாறையை விட்டு விலகும். அப்புறம் நெம்புகோல் போட்டால் பலகையாகப் பெயர்ந்து வரும். இந்த வட்டாரத்துக் கல் உடைப்பவர்கள் மிகச் சமீப காலம் வரை இப்படித்தான் பலகை எடுத்தார்கள். மூவாயிரம் வருடமாகக் கைமாறி வந்த தொழில்நுட்பம்!

இந்த மாவட்டத்தின் பழமை இதோடு முடிகிறதா என்றால், இல்லை. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை என்ற ஊர். தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்து எடுத்த மாதிரிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியது. கி.மு. 2172 என்று காலம் வந்தது. தமிழகத்தில் 4,200 வருடங்களுக்கு முன்பே இரும்பு புழங்கியது என்று 2022 மே மாதம் சட்டசபையில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். ஸ்டோன்ஹெஞ்ச்சின் பெரிய கற்கள் நின்று முந்நூறு வருடம் சொச்சம்தான் ஆகியிருந்த காலம் அது. பிரிட்டனுக்கு இரும்பு வந்து சேர அதற்கப்புறம் இன்னும் ஆயிரத்து முந்நூறு வருடம் ஆனது. மல்லசந்திரத்துக் கற்திட்டைகள் அவ்வளவு பழையவை என்று சொல்ல வரவில்லை. 'புது ஊரை'ச் சுற்றியிருக்கிற மண் எவ்வளவு பழசு என்று சொல்ல வந்தேன்.

பாறை மேல் உட்கார்ந்து, கொண்டு போயிருந்த புளிசாதத்தைப் பிரித்தோம். தூரத்தில் எங்கேயோ 'டொம்' என்று ஒரு சத்தம். பாறைக்கு வெடி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. இந்த மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர் போனது. தமிழ்நாட்டுக் கல் அறுபட்டு, பாலிஷ் ஆகி, கப்பல் ஏறி ஐரோப்பா போகிறது. அங்கே சமையல் மேடையாகிறது. இந்தியக் கருங்கல்லுக்குப் பிரிட்டனில் இன்னொரு பெரிய உபயோகமும் உண்டு. கல்லறைக் கல்!

இங்கே கல்வீடுகள் காணாமல் போவதற்கு இரண்டு காரணம். ஒன்று, கல்லுக்காக உடைப்பது. இன்னொன்று, உள்ளே தங்கம் இருக்கிறது என்று ராத்திரியில் கடப்பாறையோடு வருகிற ஆட்கள். உள்ளே இருப்பது பானை ஓடும் எலும்பும்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்புவதில்லை. அரசு பட்டியலில் சேர்த்த சின்னம் என்றால் சட்டம் இருக்கிறது. சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கட்டக் கூடாது, சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை. பட்டியலில் சேராத கல்வீடு, யாரோ ஒருவரின் பட்டா நிலத்தில் நின்றால்?

நண்பன் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, மெதுவாக விஷயத்துக்கு வந்தான். அவனுடைய கிராமம் அங்கிருந்து கொஞ்ச தூரம். பெயரை எழுதாதே என்றான். எழுதினால் மறுநாளே கடப்பாறை வந்துவிடும். மலையடியில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் இருக்கிறது. அதன் மேல் மூலையில் இரண்டு கல்வீடு. கிரஷர் வைக்கிற பார்ட்டி ஒருவர் ஆறு மாதமாக விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல விலை. அவன் மகளுக்கு அந்த வருடம் காலேஜ் சேர்க்கை.

"அந்த வக்கீல் எவ்வளவுக்குடா எடுத்தான்?" என்று கேட்டான்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. இங்கிலாந்திலிருந்து திரும்புகிற ரயிலில் நான் அவனுக்கு ஒரு கதை சொல்லியிருந்தேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டோன்ஹெஞ்ச் இன்றைக்குத்தான் ராஜமரியாதையோடு இருக்கிறது. நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அதுவும் ஒரு தனியாரின் ஆட்டு மேய்ச்சல் நிலம். பார்க்க வருகிறவர்கள் ஞாபகார்த்தமாக ஒரு சில்லு உடைத்துக்கொண்டு போவார்கள். பெயரைச் செதுக்கிவிட்டுப் போவார்கள், நம் ஊர்க் காதலர்களைப் போலவே. 1797-ல் மூன்று பெரிய கற்கள் விழுந்தன. விழுந்தது விழுந்தபடியே 160 வருடம் கிடந்தன. 1958-ல்தான் கிரேன் வைத்துத் தூக்கி நிறுத்தினார்கள். பல கற்களின் காலடியில் இப்போது இருப்பது இருபதாம் நூற்றாண்டு கான்கிரீட்.

அந்த நிலத்தின் சொந்தக்காரர்கள் ஆன்ட்ரோபஸ் குடும்பம். முதல் உலகப்போர் தொடங்கிய 1914-லேயே அந்த வீட்டு வாரிசு போர்க்களத்தில் இறந்துபோனான். கொஞ்ச மாதத்தில் தகப்பனாரும் போய்ச் சேர்ந்தார். எஸ்டேட் ஏலத்துக்கு வந்தது. 1915 செப்டம்பர் 21, சாலிஸ்பரியில் ஓர் அரங்கம். அந்த எஸ்டேட் பட்டியலில் பதினைந்தாவது அயிட்டம், 'ஸ்டோன்ஹெஞ்ச், சுமார் முப்பது ஏக்கர் நிலத்துடன்'. ஆமாம், தோட்டம் துரவு மாதிரி, பட்டியலில் ஒரு வரி! உள்ளூர்க்காரரான செசில் சப் என்ற வக்கீல் 6,600 பவுண்டுக்கு எடுத்தார். மனைவி அவரை ஏலத்தில் சாப்பாட்டு மேசைக்கு நாற்காலி வாங்கிவரச் சொல்லி அனுப்பியதாக ஒரு கதை உண்டு. சிலர் நாற்காலி இல்லை, திரைச்சீலை என்பார்கள். எதுவானாலும், மனுஷன் வாங்கிக்கொண்டு போனது கல்! அம்மணிக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்வார்கள். மூன்று வருடம் வைத்திருந்தார். 1918-ல் நாட்டுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு நிபந்தனை: நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங்குக்கு மேல் போகக் கூடாது. அந்த ஷில்லிங் எங்கோ காற்றில் பறந்துவிட்டது. ஆனால், சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்கு இன்றைக்கும் இலவச அனுமதி உண்டு.

"6,600 பவுண்டு" என்றேன்.

"அவன் வக்கீல். காசு இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

"அவனும் உள்ளூர்க்காரன்தானே? வெளியூர்க்காரன் எடுத்திருந்தா என்ன ஆகியிருக்குமோ" என்றான். அதற்கு மேல் பேசவில்லை. நானும் 'விற்காதே' என்று சொல்லவில்லை. காலேஜ் ஃபீஸ் கட்டப் போவது நான் இல்லையே? பாரம்பரியம், பண்பாடு என்று பஸ் ஏறி வந்து அறிவுரை சொல்வது சுலபம். அந்த மூன்று ஏக்கருக்கு உரிமையாளர் நான் இல்லை என்பதால்தான் அது அவ்வளவு சுலபம்.

கிளம்பும்போது, முழுசாக நின்ற ஒரு கல்வீட்டின் ஓட்டைக்கு எதிரே அவன் ஒரு வினாடி நின்றான். செருப்பைக் கழற்றியிருந்தான். சாலிஸ்பரி கதீட்ரலில் அவன் கல்லறைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு மாதம் கழித்து போன் வந்தது.

"நெலத்தைக் குடுத்துட்டேன்டா."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"கிரஷர்காரருக்கு இல்ல. வெடி வெச்சா பக்கத்துல எது நிக்கும்? ரோஜா போடறவர் ஒருத்தர் கேட்டாரு. கூடாரம் போட்டுப் பயிர் பண்ணுவாங்களே, ஃபாரின் அனுப்பறதுக்கு. அவருக்குக் கீழ் நெலத்தை எழுதிட்டேன். மேல் மூலை ஐம்பது சென்ட்டை அளந்து கழிச்சிட்டேன். சர்வேயர் சிரிச்சாரு, இந்தப் பாறையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்கன்னு."

"விலை?"

சொன்னான். கிரஷர் பார்ட்டி சொன்னதைவிட நிறையக் குறைவு. மிச்சத்துக்கு பேங்க்கில் கல்விக் கடன் கேட்டிருக்கிறான். பெண் பரவாயில்லை என்றாளாம். மனைவிதான் இரண்டு நாளாகப் பேசவில்லை.

"செசில் சப் வீட்டுலயும் அப்படித்தானாம்" என்றேன்.

"அவனுக்காவது கவர்மென்ட்டுல சர் பட்டம் குடுத்தாங்கன்னியே. எனக்கு என்ன குடுப்பாங்க?"

"நீ வேணா டிக்கெட் போட்டு வசூல் பண்ணிக்கோ. எவ்வளவு வைப்ப?"

கொஞ்ச நேரம் யோசித்தான். நிஜமாகவே கணக்குப் போடுகிறானோ என்று நினைத்தேன்.

"உனக்கு ஒரு ஷில்லிங். ஆடு மேய்க்கிற பசங்களுக்கு ஃப்ரீ. ஆனா, கேட்டுட்டுத்தான் ஒதுங்கணும்."